முதல் கயிறு

பிராட்டி ஃபெரி
1983 ஏப்ரல் 11, திங்கள்

இஷ்பெல் அக்கா,

நான் வந்துட்டேன். அது உனக்கும் தெரியும். நேத்து ஹில்டவுன்ல உன் வீட்டுப் படி மூணு மாடியும் ஏறி வந்து கதவைத் தட்டினேன். உள்ள ரேடியோ பாடிட்டு இருந்தது, தட்டினதும் நின்னுடுச்சு. கீழ இறங்கித் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்தா உன் ஜன்னல்ல திரை அசையுது. பதினாலு வருஷம் கழிச்சு கனடாவுல இருந்து வந்த தம்பிக்குக் கதவைத் திறக்காத அக்கா இந்த டண்டீ ஊர்ல நீ ஒருத்திதான் இருப்பே. போன் பண்ணினா குரலைக் கேட்டதும் வச்சுடுறே. அதான் எழுதுறேன். மிஸஸ் பெட்ரின்னு ஒரு அம்மா நடத்துற விடுதியில தங்கியிருக்கேன். முகவரி பின்னாடி இருக்கு.

அம்மா போயிட்டான்னு நீ போட்ட கடிதம் மார்ச் பதினெட்டாம் தேதி என் கைக்கு வந்துச்சு. அவ போனது பிப்ரவரி மூணு. ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கப்பல் தபால். விமானத் தபாலா இருந்தா அஞ்சு நாள். தந்தி அடிச்சிருந்தா அன்னைக்கே கிளம்பி வந்து அம்மாவைக் குழியில இறக்கியிருப்பேன். இப்படி ஒரு வேலையை எதிரிகூடச் செய்ய மாட்டான்.

சரி, அதை விடு. இன்னைக்குக் காலையில பால்கே குன்றுக்குப் போனேன், அப்பா கல்லறைக்கு. கல்லுல அப்பா பேருக்குக் கீழ அம்மாவுக்குன்னு விட்ட இடம் அப்படியே காலியா இருக்கு. புல்லுல மண்வெட்டி பட்ட அடையாளமே இல்ல. ரெண்டு தடவை சுத்தி வந்தேன். அம்மாவை எங்க வச்சே?

இருபத்து மூணாம் தேதி சனிக்கிழமை பிரெஸ்ட்விக்ல எனக்கு விமானம். இரும்பாலையில இவ்வளவுதான் லீவு குடுத்தாங்க. அதுக்குள்ள அம்மா இருக்கிற இடத்துல ஒரு தடவை நிக்கணும். வேற எதுவும் கேக்கல. வீட்டுல இருக்கிற ஒரு கரண்டிகூட எனக்கு வேண்டாம்.

கிரெகர்


ஹில்டவுன்
ஏப்ரல் 12

கிரெகர்,

ஆஹா, துரை வந்துட்டாரா! பதினாலு வருஷமா வழி தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரிஞ்சிடுச்சாக்கும். ரேடியோவை உனக்காக நிறுத்தல. பாட்டு நல்லா இல்ல.

கதவைத் திறக்க மாட்டேன். எங்கையில எப்பவும் கொதிக்கிற கெட்டில் இருக்கும், உன் மூஞ்சியைப் பாத்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

அம்மாவைப் புதைக்கல. எரிச்சாச்சு. ஐயோன்னு நெஞ்சைப் பிடிச்சுக்காதே. பால்கேல அப்பா பக்கத்துல படுக்கணும்னு அவ ஆசைப்பட்டா, எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எரிச்சேன். ஏன்னு பொறவு சொல்றேன். சாம்பலை ஒரு பழுப்பு ஜாடியில போட்டுக் குடுத்தாங்க, திருகு மூடி வச்சது. அது எங்கேன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்கிற ஒண்ணு உங்கிட்ட இல்லாம இருக்கிறது என் ஆயுசுல இதுதான் முதல் தடவை. கொஞ்ச நாள் அனுபவிச்சுக்கிறேனே.

நின்னு பாக்கணும்னா நட. ஞாயிற்றுக்கிழமை நடை ஞாபகம் இருக்கா? வாரம் பூரா சணல் மில்லுல நின்ன காலோட, ஞாயிறானா நம்ம ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு ஊரைச் சுத்துவா. லா குன்று, மேக்டலன் கிரீன், கேம்பர்டவுன் பூங்கா, டெம்பிள்டன் காடு. அதே வரிசையில இப்பத் தனியா நட. ஒவ்வொரு இடமா நான் சொல்லுவேன். போய்ட்டு வந்து, பாத்ததையும் செஞ்சதையும் ஒண்ணு விடாம எழுதணும். புளுகினா கண்டுபிடிச்சிடுவேன், நீ பேசப் பழகினதே எங்கிட்டதான்.

முதல்ல லா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. உச்சியில போர் நினைவுத் தூணுக்கு முன்னாடி, தெற்குச் சுவர் ஓரமா, ஆத்தைப் பாத்து நில்லு. கால் மணி நேரம். நின்னு, அம்மான்னு மூணு தடவை சத்தமாக் கூப்பிடு. அவ அங்க நின்னு உன்னைக் கூப்பிட்டிருக்கா. நீ ஊரை விட்டுப் போன அன்னைக்கு மில்லுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு லாவுல ஏறினா, உன் ரயில் டே ஆத்துப் பாலத்து மேல போறதைப் பாக்க. பாத்திரம் துடைக்கிற வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா. நீயும் ஜன்னல்ல கைக்குட்டையை ஆட்டுறேன்னு சொல்லியிருந்தியே. ஆட்டினியா?

இஷ்பெல்


பிராட்டி ஃபெரி
ஏப்ரல் 14

அக்கா,

எரிச்சுட்டேன்னு எவ்வளவு சுளுவா எழுதிட்டே. அப்பா பக்கத்துல இடம் இருக்குன்னு சின்ன வயசுல இருந்து சொல்லிட்டிருந்தவளை. உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். உன் தயவு எனக்கு வேணும், அதனால நீ சொன்னபடி செய்யறேன்.

பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே போயிட்டேன். காத்துன்னா காத்து, ஆளையே தூக்குது. ஆத்துல இருந்து நேரா மேலேறி மூஞ்சில அடிக்குது. உச்சியில ஒரு ஈ காக்கா இல்ல. சுவருக்குக் கீழ சரிவுல, மஞ்சப்பூ முட்புதர் ஓரமா ஒரு கிழவி மட்டும் தலையில மழைத்துணி கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நின்னா. நாயைத் தேடுறா போல.

அவ காதுல விழுமேன்னு வெக்கமா இருந்தது. நாப்பத்தோரு வயசு ஆம்பளை குன்று மேல நின்னு அம்மான்னு கத்தினா பைத்தியம்னு நினைக்க மாட்டாளா? முதல் தடவை மெல்லமாத்தான் கூப்பிட்டேன். ரெண்டாவது தடவை தொண்டை கொஞ்சம் திறந்துச்சு. மூணாவது தடவை எனக்கே என்னவோ ஆயிடுச்சு, வாயை நல்லாத் திறந்து அடிவயித்துல இருந்து கத்துறேன், அந்த நேரம் பாத்து காத்து மண்ணை வாரி மூஞ்சியில அடிச்சுது பாரு! கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் பொடி. பல்லுல நறநறங்குது. அம்மாவுக்காகப் போன இடத்துல ரெண்டு கெட்ட வார்த்தை வந்துடுச்சு, மன்னிச்சுக்கோ. துப்பு துப்புன்னு துப்பினேன். துக்கத்துக்குன்னே வாங்கின புதுக் கறுப்புக் கோட்டு சாம்பல் பூத்துப் போச்சு. பக்கத்துல எங்கயோ சுவர் பூசுறாங்க போல. உதறித் தட்டிக்கிட்டு, சுவர் மறைவுல உக்காந்து கொண்டுபோன பிரைடியைத் தின்னுட்டுக் கால் மணி ஆனதும் இறங்கினேன். மாவுக்குள்ள மடிச்ச கறி நல்லா இருந்துச்சு. கனடாவுல இந்தச் சுவை கிடைக்காது.

கைக்குட்டையை ஆட்டல. ரயில்ல ரெண்டு பேர் சீட்டாடக் கூப்பிட்டாங்க. நிமிர்ந்து பாக்கும்போது பாலம் முடிஞ்சு போயிருந்துச்சு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அடுத்த இடத்தைச் சொல்லு.

கிரெகர்


ஹில்டவுன்
ஏப்ரல் 15

கிரெகர்,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நாலாவது தடவை படிக்கும்போது டீ ஆறிப்போச்சு. நல்லாத்தான் எழுதுறே. இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவன் பெத்தவளுக்கு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதுல உன் பேரு மட்டும்.

ஆனா கோட்டு விஷயம் அரைகுறையா இருக்கு. விடுதிக்குப் போய் எதால தட்டினே? எங்க வச்சுத் தட்டினே? தட்டினது எதுல விழுந்துச்சு? ஒண்ணு விடாம எழுதுன்னு சொன்னேனா இல்லையா? அந்தக் கிழவிக்கு என்ன வயசிருக்கும், அதையும் எழுது. சும்மாதான் கேக்குறேன்.

இப்ப நான் ஏன் எரிச்சேன்னு சொல்றேன், கேட்டுக்கோ. போன வருஷம் கடைசியில, இனி எழுந்திரிக்க மாட்டோம்னு தெரிஞ்சதும், அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு பென்சில் குடுன்னா. நாட்காட்டியைக் கிழிச்சுப் பின்பக்கத்துல தன் கையாலயே எழுதினா. சவப்பெட்டியை இறக்குறப்ப யாருக்கு எந்தக் கயிறுன்னு. எட்டுக் கயிறு, எட்டுப் பேரு. தலைமாட்டுல முதல் கயிறு, கிரெகர். ரெண்டாவது மாமா. அப்படியே போயி எட்டாவது, நமக்கு நிலக்கரி போடுறவர். நிலக்கரி போடுறவருக்குக் கயிறு உண்டு, கிரெகர். நான் மூணு தடவை படிச்சுப் பாத்தேன். எம் பேரு இல்ல.

ஆறு வருஷம் அவளை நான் தூக்கி உக்கார வச்சேன். குளிப்பாட்டினேன், மலம் அள்ளினேன், கல்யாணம் பேசி வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். "என் பேரை விட்டுட்டியேம்மா"ன்னு கேட்டேன். "பொம்பளைக்கு ஏதுடி கயிறு? நீ வீட்டுல இருந்து வர்றவங்களுக்கு டீ போடு"ன்னா. அப்புறம், "முதல் கயிறு அவன் பிடிச்சாத்தான் என் கட்டை வேகும்"ன்னா.

சரிம்மா, அப்ப கட்டை வேகட்டும்னு நினைச்சுக்கிட்டேன்.

குழி இல்லேன்னா கயிறு இல்ல. அவ்வளவுதான் விஷயம். தந்தி அடிக்கிற எடம் நம்ம தெருவுலயே இருக்கு. அதைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் தபால் ஸ்டாம்பு வாங்கினேன்.

நாளைக்கு மேக்டலன் கிரீன். பேண்டு வாசிக்கிற மண்டபத்துப் படியில உக்காந்து பாலத்துல வர்ற ரயில்களை எண்ணு. மில் விடுமுறையில வர்றேன்னு நீ எழுதினது ஞாபகம் இருக்கா? ஜூலையில மில்லுக்குப் பதினஞ்சு நாள் பூட்டு. அவ அந்தப் பதினஞ்சு நாளும் அங்கதான். ஏழு வருஷம், கால் விழுந்து போற வரைக்கும். ஞாயித்துக்கிழமை கேம்பர்டவுன், தொங்கு கிளை எல்ம் மரம்.

இஷ்பெல்


பிராட்டி ஃபெரி
ஏப்ரல் 17

அக்கா,

கயிறு விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் கயித்தை உங்கையிலயே குடுத்திருப்பேன்.

நேத்து மண்டபத்துப் படியில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்தேன். முப்பத்தோரு ரயில். "மில் விடுமுறை"ன்னு நீ எழுதினதை அங்க உக்காந்துதான் யோசிச்சேன். வர்றேன்னு எழுதினது முதல் வருஷம் மட்டுந்தான், அதுவும் ஒரு பேச்சுக்கு. பெஞ்சுல ஒரு பெரியவர் இருந்தார். "முன்னெல்லாம் ஒரு அம்மா இப்படித்தான் உக்காந்து எண்ணும், மடியில சாண்ட்விச் பொட்டலம் வச்சிருக்கும், அதை அது திங்கவே திங்காது"ன்னார். அது எங்கம்மான்னு நான் சொல்லல. அப்படியான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் கேம்பர்டவுன். மரம் இருக்கு. கிளையெல்லாம் தரையைத் தொட்டுக்கிட்டு, உள்ள இன்னும் அதே கூடாரம் மாதிரிதான். மண்டி போட்டு உள்ள போனேன். அம்மா ஒரு பிரைடியை ரெண்டா வெட்டி, பெரிய துண்டை எனக்கும் சின்னதை உனக்கும் குடுத்துட்டு, "நான் வரும்போதே சாப்பிட்டாச்சு"ம்பா. அப்புறம் அந்தப் பொட்டலக் காகிதத்தை விரலால வழிச்சு நக்குவா. நான் அதைப் பாத்துச் சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டே. பெரிய துண்டு எனக்கு வந்ததை இன்னைக்குத்தான் யோசிச்சேன்.

கோட்டைப் பத்தி நீ எதுக்குக் கேக்குறேன்னு புரியல. மிஸஸ் பெட்ரிகிட்ட துணி பிரஷ் வாங்கி, பின்கட்டுல துணிக்கொடியில கோட்டைத் தொங்கவிட்டுத் தட்டினேன். தரையிலயும் குப்பைத் தொட்டி மூடியிலயும் விழுந்துச்சு. அந்த அம்மா சுத்தக்காரி, உடனே ஒரு வாளித் தண்ணி ஊத்திச் சாக்கடையில தள்ளிட்டாங்க. போதுமா?

கிழவிக்கு அறுபத்தஞ்சு இருக்கும்.

அடுத்து எங்க? ஆறு நாள்தான் இருக்கு.

கிரெகர்


ஹில்டவுன்
ஏப்ரல் 18

கிரெகர்,

கயித்தை எங்கையில குடுத்திருப்பானாம்! இருக்கிறவரைக்கும் ஒரு வாய்த் தண்ணி ஊத்தாதவன், செத்தப்புறம் தானதர்மம் பண்றான். நீ குடுத்து நான் வாங்குற கயிறு எனக்கு எதுக்குடா? அவ குடுத்திருக்கணும்.

சாக்கடையா? சரி. நல்ல சுத்தக்காரி.

நாளைக்கு டெம்பிள்டன் காடு. அங்க சிவப்பு அணிலைப் பாக்காம அம்மா வீடு திரும்ப மாட்டா, நீ அழுதாலும் சரி, நான் காய்ச்சலா இருந்தாலும் சரி. நீயும் பாத்துட்டுத்தான் திரும்பணும். நாளைக்குப் பாக்கலேன்னா நாளன்னைக்கும் போ. மழை வரும்னு ரேடியோவுல சொல்றான்.

இஷ்பெல்


பிராட்டி ஃபெரி
ஏப்ரல் 20

அக்கா,

ரெண்டு நாளும் போனேன். ரெண்டு நாளும் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. அணில் இல்ல. பைன் மரத்தடியில தின்னு போட்ட காய்ச் சக்கை மட்டும் கிடந்துச்சு. பொய் எழுதலாம்னு பாத்தேன், கண்டுபிடிச்சிடுவே. காய்ச்சல் அடிக்குது, மிஸஸ் பெட்ரியோட கம்பளியைப் போத்திக்கிட்டு எழுதுறேன்.

பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகுது. போதும்க்கா. நான் கெட்டவன்தான், ஒத்துக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளினேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. இருந்தா உங்கிட்ட சொல்லவாவது ஒண்ணு கிடைச்சிருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நீயே எப்படியும் கேப்பே. கடைசி ரெண்டு வருஷத்துல மூணு கடிதம் வந்துச்சு. உறை மேல உன் கையெழுத்து. நீ திட்டித்தான் எழுதியிருப்பேன்னு பிரிக்காமலே அலமாரியில போட்டுட்டேன். அம்மா செத்த செய்தி வந்த அன்னைக்குத்தான் மூணையும் எடுத்துப் பிரிச்சேன். உள்ள அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கே. முதல் வரியைப் பாத்ததும் மூடிட்டேன். மேல படிக்கத் தெம்பு வரல. இன்னமும் படிக்கல.

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் இருக்கு. உன் கால்ல விழுறேன். கதவைத் திறக்க வேண்டாம், என்னைப் பாக்க வேண்டாம். இடத்தை மட்டும் சொல்லு. ஒரு தடவை நின்னுட்டுப் போயிடுறேன்.

தம்பி
கிரெகர்


ஹில்டவுன்
ஏப்ரல் 21

கிரெகர்,

சொல்லிடுறேன். இனி இழுக்கிறதுல ருசி இல்ல.

நீ ஏற்கெனவே நின்னாச்சு. போன வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிஷம். சுவருக்குக் கீழ முட்புதர் ஓரமா மழைத்துணி கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நின்னவ நான்தான். நாய் எதுவும் காணாமப் போகல. எங்கையில இருந்தது பழுப்பு ஜாடி. ரெண்டு நாளா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஜன்னல்ல துணி கட்டிப் பாத்துட்டுத்தான் உனக்கு நாளும் நேரமும் எழுதினேன். மூணு தடவை ஏன் கூப்பிடச் சொன்னேன்? முதல் தடவை நீ கூச்சப்படுவே, மூணாவது தடவைதான் வாய் நல்லாத் திறக்கும். சின்ன வயசுல மருந்து குடுக்கும்போதும் நீ அப்படித்தான். நீ மூணாவது தடவை கத்தினே, நான் ஜாடியைக் கவுத்தேன்.

உன் பல்லுல நறநறத்தது எந்தச் சுவர் பூச்சும் இல்ல.

எனக்கு அறுபத்தஞ்சு இல்லடா. நாப்பத்தாறு. நீ பதினஞ்சடி தள்ளி நின்னு என்னைப் பாத்தே, கிழவின்னு நினைச்சே. மீதிப் பத்தொன்பது வருஷத்தை என் மூஞ்சில யார் எழுதினதுன்னு விமானத்துல உக்காந்து யோசி.

மூணு கடிதத்துலயும் அவ சொன்னது ஒரே விஷயம். நீ படிக்கலேல்ல, நானே சொல்றேன். "வர முடியலேன்னா பரவாயில்லப்பா, உடம்பைப் பாத்துக்கோ. நான் போறப்ப மட்டும் வந்துடு, முதல் கயிறு உனக்குத்தான்." இதை எழுதின கை என் கை. மூணு தடவை எழுதினேன், ஒரு எழுத்து மாத்தல.

கயிறுன்னா அரை நிமிஷம் கையில கனப்பா, அப்புறம் குழிக்குள்ள போயிடுவா. நான் அதைவிட அதிகமாவே உனக்குக் குடுத்தேன். வாயிலயே குடுத்தேன். நீதான் துப்பிட்டே.

பத்திரமா ஊர் போய்ச் சேரு.

இஷ்பெல்


ஹாமில்டன், கனடா
மே 2

இஷ்பெல்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில டீயோட வந்துச்சு. படிச்சுட்டு வாந்தி எடுத்தேன். வாந்தி எடுக்கவும் பயமா இருந்துச்சு, இன்னும் உள்ள ஏதாவது இருக்குமோன்னு. உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு எழுதுறேன்.

அப்புறம் பின்கட்டுக்குப் போய்த் தரையில மண்டி போட்டுத் தேடினேன். மிஸஸ் பெட்ரி வந்து மோதிரமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பாவம், அவங்களும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கூடத் தேடினாங்க. அந்த வாளித் தண்ணியும் ரெண்டு நாள் மழையும் எதையும் மிச்சம் வைக்கல.

ஆனா கோட்டு இருந்துச்சு. இடப்பக்கப் பையோட மூடி உள்ள மடிஞ்சு வாய் திறந்திருக்கு, லாவுல பிரைடியை எடுக்க வசதியா நான்தான் மடிச்சு விட்டிருந்தேன். பையைத் தலைகீழாப் புரட்டி, தையலைப் பிரிச்சு, பேனாக்கத்தி முனையால சுரண்டினேன். காலருக்கு அடியிலயும் கொஞ்சம். துணி பிரஷ்ஷைத் தட்டினதுல கொஞ்சம். எல்லாம் சேத்து அரை டீக்கரண்டி தேறுச்சு. அதுல எது அம்மா, எது பஞ்சு, எது பிரைடித் தூள்னு பிரிக்க முடியல. பிரிக்கவும் இல்ல. இருமல் மிட்டாய் டப்பா ஒண்ணு காலியா இருந்துச்சு, அதுல போட்டேன்.

இங்க கொண்டு வரலாம்னு முதல்ல நினைச்சேன். அவளுக்கு இங்க யாரைத் தெரியும்? காய்ச்சலோட காய்ச்சலா அன்னைக்கு மத்தியானமே கிளம்பிப் போய் டண்டீயிலயே ஒரு இடத்துல வச்சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்த இடங்கள்ல ஒண்ணு. கையால தோண்டி, ஆழமா. காத்து எடுக்காது. பாக்கெட்ல கிடந்த சணல் துண்டை டப்பாவுல கட்டி, அதைப் பிடிச்சு இறக்கினேன். முதல் கயிறு நான் பிடிச்சேன், இஷ்பெல். அவ கேட்டது அவளுக்குக் கிடைச்சிடுச்சு.

எந்த இடம்னு சொல்லமாட்டேன். உனக்கு அதுல கவலையும் இருக்காது, ஜாடியில கொஞ்சமாவது மிச்சம் வச்சிருப்பியே. வச்சிருக்கேல்ல?

கிரெகர்


ஹில்டவுன்
மே 29

அன்புள்ள கிரெகர்,

வைக்கல.

ஒரு சிட்டிகைகூட எடுத்து வச்சுக்கல. ஜாடியை நல்லாத் தட்டித் தட்டிக் கவுத்தேன், உனக்குக் குறையக் கூடாதேன்னு. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். இப்ப அதுல துணி கிளிப்புகளைப் போட்டு வச்சிருக்கேன். அவ்வளவு கோவம் எனக்கு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன், அதையும் சொல்லிடுறேன். மறுநாள் காலையில எழுந்து பழக்கத்துல ரெண்டு கப்பு டீ போட்டேன்.

முதல்ல உன் கடிதத்தைப் படிச்சுட்டு, போடா, யாருக்கு வேணும் உன் அரைக் கரண்டின்னு அடுப்புல போட்டேன். நாலு நாள் கழிச்சு பால்கேக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நடந்த இடம்னு நீ எழுதினது என்னை ஏமாத்தத்தான், அப்பா பக்கத்துலதான் வச்சிருப்பான், வேற எங்க வைப்பான்னு. புல்லைத் தடவித் தடவிப் பாத்தேன், தோண்டின தடம் இல்ல. அப்புறம் மேக்டலன் கிரீன் மண்டபத்தைச் சுத்தி. அப்புறம் கேம்பர்டவுன் மரத்தடியில. மண்டி போட்டு உள்ள போயிட்டேன், வெளிய வர முடியல, ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு கையைக் குடுத்துத் தூக்கிவிட்டுச்சு. டெம்பிள்டன்ல எந்த மரத்தடின்னு தேடுறது? அணிலைப் பாத்தேன். ரெண்டு இருந்துச்சு.

லாவுல சுவருக்குக் கீழயும் போனேன். நான் நின்ன இடத்துல மண்ணை நகத்தால கிளறினேன். மழை விட்டு வைக்கல.

ஆறு வருஷம் ஒரு மணி நேரம்கூட அவளை விட்டுத் தள்ளி இருந்ததில்ல, கிரெகர். இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா தொப்பியை மாட்டிக்கிட்டுப் படியிறங்குறேன். கீழ வந்ததும் எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியல. அவளுக்கு ஒரு பூவைக் கொண்டுபோய் நான் எங்க வைக்கிறது? திட்டணும்னாக்கூட எங்க போய் நின்னு திட்டுறது?

நான் செஞ்சது பாவம். உனக்குச் செஞ்சதைவிட அவளுக்குச் செஞ்சதுதான் பெரிய பாவம். இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல. தயவுசெஞ்சு இடத்தைச் சொல்லு. தோண்ட மாட்டேன், தொட மாட்டேன். நிக்க மட்டும் செய்யறேன். விமானத் தபால்ல போடு.

அக்கா
இஷ்பெல்


ஹாமில்டன்
ஜூன் 10

அக்கா,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லா குன்றுக்குப் போ. தெற்குச் சுவர் ஓரமா ஆத்தைப் பாத்து நில்லு. கால் மணி நேரம். அம்மான்னு மூணு தடவை சத்தமாக் கூப்பிடு.

பாத்ததையெல்லாம் ஒண்ணு விடாம எழுது. அடுத்த இடம் எதுன்னு நான் சொல்றேன். என் பதில் கப்பல் தபால்ல வரும்.

கிரெகர்